பூட்லோடர் பராமரிப்பில் நீங்கள் சந்தித்தவை: அனுபவப் பகிர்வு

முதல் பதிவு

வணக்கம். லினக்ஸுக்கு முன்பே ஓடி அதை ஏற்றிவிடும் பூட்லோடரான யூ-பூட்டின் மூலநிரலில் ஒரு சிறிய போர்டுக்கான (கணினிப் பலகைக்கான) கோப்புகளை ஒன்பது ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பீகிள்போன் பிளாக்கில் இருக்கும் அதே ஏஎம்335எக்ஸ் சிப்பை வைத்து ஒரு சிறு நிறுவனம் வடிவமைத்த போர்டு அது. தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. என்னிடம் இருந்த மூன்று போர்டுகளில் ஒன்றுதான் இப்போது வேலை செய்கிறது. அதிலும் எஸ்டி கார்டு செருகும் இடம் தளர்ந்துவிட்டதால், கார்டை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு சோதனையையும் செய்கிறேன். இந்த விரல் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்ற கவலையில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அந்தக் கவலைக்குக் காரணமான அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சிப்புக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் ஓடுவது அதற்குள்ளேயே நிரந்தரமாகப் பதித்துவிட்ட ரோம் நிரல். வெளியே இருக்கும் டிடிஆர் நினைவகத்தை இயக்க அந்த நிரலுக்குத் தெரியாது. ஆகவே எஸ்டி கார்டின் ஃபேட் பகுதியில் எம்எல்ஓ என்ற பெயருள்ள கோப்பைத் தேடி, அதைச் சிப்புக்குள் இருக்கும் சிறிய நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்தக் கோப்பு 109 கேபிக்கு மேல் போகக் கூடாது. எஸ்பிஎல் என்று நாம் சொல்வது அதைத்தான். எஸ்பிஎல் எழுந்து டிடிஆரைத் தயார்செய்து முழு யூ-பூட்டை ஏற்ற, அது லினக்ஸை ஏற்றும்.

துவக்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்றால் அந்த ரோம், சீரியல் கேபிள் வழியாக யாராவது நிரலை அனுப்புவார்களா என்று கேட்டு, 'சி' என்ற ஆங்கில எழுத்தை விட்டுவிட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். டெர்மினலில் சி, சி, சி என்று வரிசையாக வந்து விழும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது போர்டே என்னைப் பார்த்து 'ச்சீ' என்று முகம் சுளிப்பதுபோல் இருந்தது. இப்போதோ அந்த எழுத்து வந்தால் எனக்கு நிம்மதி. ரோம் உயிரோடு இருக்கிறது, கார்டில்தான் ஏதோ கோளாறு என்று பொருள். அஞ்ச வேண்டியது ஒன்றுமே வராத நேரத்துக்குத்தான். ரோம் தன் வேலையை முடித்து நம் நிரலிடம் ஒப்படைத்துவிட்டது, நம் நிரல் ஒரு எழுத்துகூட எழுதாமல் செத்துவிட்டது என்பதற்கு அந்த வெற்றுத் திரையே சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை (ஆர்சி) எடுத்துப் பார்த்தபோது அதுதான் நடந்தது. தானியங்கிச் சோதனைகளில் என் போர்டு எந்தப் பிழையும் இல்லாமல் கம்பைல் ஆகியிருந்தது. போர்டிலோ ஒரு எழுத்தும் வரவில்லை. முந்தைய வெளியீட்டுக்கும் இதற்கும் இடையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கமிட்டுகள், அதாவது பதிவான மாற்றங்கள், இருந்தன. மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் பைசெக்ட் முறையில் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே வந்தால் பத்துப் பதினொரு சுற்றில் குற்றவாளி அகப்பட்டுவிடும் என்பது கணக்கு. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பைல் செய்ய வேண்டும், கார்டைக் கழற்றி எழுத வேண்டும், செருகி அழுத்திப் பிடிக்க வேண்டும், மின்சாரத்தைக் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கார்டு சரியாகப் படியாததால் சி வந்ததா, இல்லை நிரல்தான் விழுந்ததா என்று ஒவ்வொரு முறையும் இருமுறை பார்க்க வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை முழுவதும் அதிலேயே போயிற்று.

அகப்பட்ட கமிட் பார்வைக்கு மிகச் சாது. லினக்ஸின் மையநிரலான கெர்னலில் உள்ள, போர்டில் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்புகளை அப்படியே யூ-பூட்டுக்குக் கொண்டுவந்து ஒத்திசைக்கும் வழக்கமான வேலை. இடைப்பட்ட காலத்தில் கெர்னல் தரப்பில் சீரியல், எம்எம்சி (எஸ்டி கார்டு இணைப்பு) ஆகியவற்றின் கணுக்களை, அதாவது சாதனப் பதிவுகளை, எல்லாம் புதிதாக ஒரு தாய்க் கணுவுக்குள் வைத்து அடுக்கியிருந்தார்கள். எஸ்பிஎல்லில் இடம் குறைவு என்பதால், துவக்கத்துக்குத் தேவை என்று அடையாளம் இட்ட கணுக்களை மட்டுமே அங்கே வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடுவோம். என் கோப்பில் சேய்க் கணுக்களுக்கு அந்த அடையாளம் இருந்தது. புதிதாக முளைத்த தாய்க்கு இல்லை. தாயைத் தாண்டி நிரல் உள்ளே போகவே இல்லை. சீரியல் போர்ட் ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை. எழுதுவதற்கு வாய் இல்லாததால்தான் அது எழுதவில்லை. டிபக் யுஆர்ட் வசதியை இயக்கி, டிவைஸ் ட்ரீயின் துணையில்லாமல் சிப்பின் ரெஜிஸ்டருக்கே நேராக எழுத்துகளை அனுப்பச் செய்த பிறகுதான் இது புலப்பட்டது. திருத்தம் நான்கு வரிகள்.

அந்தக் கமிட்டை எழுதியவர் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்டுகள் இருக்கும் மூலநிரலில், ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது அவரால் ஆகிற காரியமா? அதற்காகத்தான் என் பெயரை மெயின்டெய்னர்ஸ் என்ற பராமரிப்பாளர் பட்டியல் கோப்பில் போட்டிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை என்றால் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மறுமொழி, கோவையிலிருந்து

பம்ப் செட்டுகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளை வடிவமைக்கும் பணியில் இருக்கிறேன். பராமரிப்பாளர்களுக்குத் தேவையில்லாத வேலை கொடுத்தவன் என்ற முறையில் என் அனுபவத்தையும் பதிவு செய்கிறேன்.

எங்கள் பெட்டிகள் சில, மின்தடைக்குப் பிறகு எழுந்திருப்பதில்லை என்று புகார் வந்தது. எப்போதும் அப்படி இல்லை, பத்து முறையில் ஒரு முறை என்றார்கள். அலுவலகத்துக்குக் கொண்டுவந்து சீரியல் கேபிளைச் செருகினால் நூறு முறை அணைத்து எழுப்பினாலும் ஒழுங்காக எழுந்து நின்றது. யூ-பூட்டின் புதிய பதிப்புக்கு அப்போதுதான் மாறியிருந்ததால் பழி அதன் மீது விழுந்தது. நானும் நீளமாக ஒரு புகார் எழுதி அனுப்பினேன். பராமரிப்பாளர் ஒருவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: கேபிள் செருகாதபோது உங்கள் ஆர்எக்ஸ் (சீரியல் எழுத்துகளை வாங்கும்) கம்பி எங்கே இணைந்திருக்கிறது?

எங்கேயும் இணைந்திருக்கவில்லை. துவங்கும்போது யூ-பூட் சில வினாடிகள் நின்று, தானாகத் துவக்குவதை நிறுத்த ஏதேனும் ஒரு விசையை அழுத்துங்கள் என்று கேட்கும் அல்லவா? மோட்டாரும் காண்டாக்டரும் பக்கத்தில் இயங்கும் பெட்டிக்குள், அந்தரத்தில் நின்ற அந்தக் கம்பி இரைச்சலை வாங்கி எழுத்தாகக் கொடுத்திருக்கிறது. யாரோ விசையை அழுத்திவிட்டார்கள் என்று நம்பிய யூ-பூட், கட்டளைக்காகக் காத்துக்கொண்டு அந்தப் பம்ப் அறையில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்திருக்கிறது. கேபிளைச் செருகினால் கம்பி ஒரு நிலைக்கு வந்துவிடுவதால் அலுவலகத்தில் கோளாறு தலைகாட்டவே இல்லை. புதிய போர்டுகளில் அந்தக் கம்பியை ஒரு நிலையில் நிறுத்தும் புல்-அப் ரெசிஸ்டரைச் சேர்த்தோம். களத்தில் இருந்தவற்றில் காத்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் பூட்டிலே (bootdelay) மதிப்பை மைனஸ் 2 ஆக மாற்றி, விசையைப் பார்க்காமலே துவங்கும்படி செய்தோம். புகாரைத் திரும்பப் பெற்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

மறுமொழி, கருவித் தயாரிப்பு நிறுவனத்தில் பணிபுரிபவர்

நான் சொல்ல வருவது ஒரு போர்டு மூலநிரலை விட்டு நீங்கிய கதை. எங்கள் நிறுவனத்தின் அளவைக் கருவி ஒன்றுக்கான ஆதரவை, நான் சேர்வதற்கு முன்பே ஒரு பொறியாளர் யூ-பூட்டில் முறையாகச் சேர்த்திருந்தார். பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். மெயின்டெய்னர்ஸ் கோப்பில் அவருடைய பழைய அலுவலக முகவரியே நின்றுவிட்டது.

யூ-பூட்டில் டிரைவர்களை, அதாவது சாதனங்களை இயக்கும் நிரல்களை, எழுத டிரைவர் மாடல் என்ற பொது ஒழுங்கு 2014 வாக்கில் வந்தது. ஒவ்வொரு வகை டிரைவரும் அதற்கு மாறுவதற்குக் காலக்கெடு வைத்தார்கள். எம்எம்சிக்கு அந்தக் கெடு 2019.04 வெளியீடு. கெடுவுக்குள் மாறாவிட்டால் போர்டு நீக்கப்படலாம் என்ற எச்சரிக்கை ஒவ்வொரு கம்பைலிலும் சட்டம் கட்டியதுபோல் தெரியும். நாங்கள் பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டதால் அதைப் பார்க்கவில்லை; நீக்குவதற்கு முன் அனுப்பிய கடிதமோ ஆளில்லாத முகவரிக்குப் போய்த் திரும்பியிருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் பாதுகாப்புத் தணிக்கை கேட்டதால் புதிய பதிப்பை எடுத்து எங்கள் போர்டின் அமைப்புக் கோப்பான டிஃப்கான்ஃபிக்கின் பெயரைத் தட்டியபோதுதான் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று தெரியவந்தது.

கிட் வரலாற்றிலிருந்து பழையதை மீட்பது ஒரு நிமிட வேலைதான். ஆனால் மீட்டது இன்றைய நிரலோடு பொருந்தவில்லை. எங்கள் போர்டின் அமைப்புகளெல்லாம் சி மொழித் தலைப்புக் கோப்பில் டிஃபைன் வரிகளாக இருந்தன. அவை ஒவ்வொன்றையும் கேகான்ஃபிக் என்ற புதிய அமைப்பு முறைக்கு மாற்றி, டிவைஸ் ட்ரீ எழுதி, ஏழாவது திருத்தத்தில்தான் நான் அனுப்பிய மாற்றங்களான பேட்ச் வரிசை ஏற்கப்பட்டது. ஒரு பேட்சில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும் என்று இரண்டாம் திருத்தத்திலேயே சொன்னார்கள். அதை நான் முழுதாக விளங்கிக்கொண்டது ஐந்தாவதில். இப்போது அந்தக் கோப்பில் என் சொந்த முகவரியைக் கொடுத்திருக்கிறேன். நாளை நான் விலகினாலும் கடிதம் வந்து சேரும்.

மறுமொழி, பவர்பிசி காலத்திலிருந்து இதில் இருப்பவர்

முந்தைய பதிவில் உள்ள ஆதங்கம் புரிகிறது. ஆயினும் நீக்கியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வுல்ஃப்காங் டெங்க் வளர்த்தெடுத்த பிபிசிபூட், பெயருக்கேற்ப பவர்பிசி என்ற சிப் வகைக்கானது. மற்றச் சிப்புகளும் வந்து சேர்ந்தபின் அந்தப் பெயர் போதவில்லை. 2002 நவம்பரில் யூ-பூட் ஆனது. ஜெர்மனில் அந்தச் சொல்லுக்கு நீர்மூழ்கிக் கப்பல் என்று பொருள். 2012 முதல் டாம் ரினி தலைமைப் பராமரிப்பாளராக இருக்கிறார். டெங்க் 2022 இல் மறைந்தார். இத்தனை காலத்தில் வந்து குவிந்த போர்டுகளில் பல, யாருடைய மேசையிலும் இல்லாதவை. ஒரு பொது நிரலைத் திருத்துபவர், எவரும் ஓட்டாத இருபது போர்டுகளுக்காகவும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. நானே அப்படி எழுதியிருக்கிறேன். அவற்றில் எத்தனை வேலை செய்தன என்று கேட்காதீர்கள்.

சிறு அனுபவம் ஒன்று. ஆல்வின்னர் நிறுவனத்தின் சிப் உள்ள போர்டு ஒன்று, புதிய பதிப்பு போட்டதும் செத்துவிட்டது என்று ஒருவர் எழுதினார். அந்தச் சிப்பின் ரோம், எஸ்பிஎல்லை எஸ்டி கார்டின் 8 கேபி தூரத்தில், அதாவது 16ஆம் செக்டரில் (ஒரு செக்டர் 512 பைட்) தேடும். அவர் கார்டை ஜிபிடி என்ற பகுப்பு அட்டவணை முறையில் பகுத்திருந்தார். ஜிபிடி அட்டவணை 2 முதல் 33 வரையுள்ள செக்டர்களைப் பிடித்துக்கொள்ளும். பூட்லோடரை எழுதிவிட்டு, பிறகு ஒரு பகுதியைப் பெரிதாக்கியிருக்கிறார்; அட்டவணை திரும்ப எழுதப்பட்டபோது எஸ்பிஎல்லின் முதல் 9 கேபி அழிந்துவிட்டது. எங்கள் நிரலில் கோளாறே இல்லை என்று தெரிய நான்கு நாட்கள் ஆயின. கார்டை எப்படிப் பகுத்தீர்கள் என்பதுதான் இப்போதெல்லாம் என் முதல் கேள்வி.

இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் நன்றி. பாதுகாப்புத் தணிக்கை பற்றி ஒருவர் எழுதியதால் இதையும் சேர்க்கிறேன். 2019 இல் யூ-பூட்டின் வலைப்பின்னல் பகுதியில் ஒரே நேரத்தில் 13 ஓட்டைகள் வெளியாயின. வலைப்பின்னல் வழியாகக் கோப்புகளைத் தரும் என்எஃப்எஸ் சேவையின் பதிலில் வரும் நீள அளவைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பி நினைவகத்தில் நகல் எடுப்பதுதான் பெரும்பாலானவற்றின் வேர். என் போர்டில் என்எஃப்எஸ்ஸை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று நினைத்து அந்த வசதியையே அணைத்து ஒரு பேட்ச் அனுப்பினேன். அது ஏற்கப்பட்ட சில மாதங்களில், தம் ஆய்வகத்தின் அத்தனை போர்டுகளும் என்எஃப்எஸ் வழியாகவே கெர்னலை ஏற்றுகின்றன, இப்போது ஒன்றும் எழவில்லை என்று ஒருவர் எழுதினார். என்னைத் தவிர இந்தப் போர்டைப் பயன்படுத்தும் வேறொரு மனிதர் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான். ஓட்டைகள் அதற்குள் அடைபட்டிருந்தன. வசதியைத் திரும்ப இயக்கினேன். அவரிடம் எத்தனை போர்டுகள் இருக்கின்றன என்று கேட்க ஏனோ அப்போது தோன்றவில்லை.

மறுமொழி

ஐயா, அந்த ஆய்வகத்துக்காரன் நான்தான். இங்கே அலமாரியில் அந்தப் போர்டு பதினொன்று இருக்கின்றன, எட்டு நல்ல நிலையில். கார்டைப் பிடிக்க விரல் தேவையில்லை. எந்தப் பதிப்பைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

இழையைத் தொடங்கியவர்

தங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இப்போதைக்கு அண்மைய ஆர்சி பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எம்எல்ஓவையும் யூ-பூட் இமேஜையும் ஒரே கம்பைலிலிருந்து எடுங்கள். ஒன்று பழையதும் ஒன்று புதியதுமாகக் கலந்துவிட வேண்டாம். பழைய சேமிப்பில் உள்ள பூட் கட்டளை புதியதை மறைத்துவிடும் என்பதால், முதலில் என்விரான்மென்ட்டை (யூ-பூட் சேமித்துவைத்த அமைப்புகளை) இயல்பு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுச் சோதியுங்கள். எஸ்டி கார்டு, இஎம்எம்சி (போர்டிலேயே பொருத்திய சேமிப்பு), வலைப்பின்னல் மூன்று வழியிலும் துவக்கிப் பார்த்தால் போதும். ஒன்றுமே வராவிட்டால் டிபக் யுஆர்ட் இயக்கிய ஒரு எம்எல்ஓவை அனுப்புகிறேன்.

மறுமொழி

மூன்று போர்டுகளில் பார்த்துவிட்டேன். எஸ்டி கார்டிலும் வலைப்பின்னலிலும் சிக்கல் இல்லை. இஎம்எம்சியில் ஒரு போர்டு மட்டும் சி, சி என்கிறது. தாங்கள் எழுதியதைப் படித்திருந்ததால் பதறவில்லை. அதில் பழைய எம்எல்ஓவே இல்லாமல் காலியாக இருந்தது. நாளை எழுதிப் பார்த்துவிட்டு, மூன்றின் துவக்கப் பதிவுகளையும் சேர்த்து அனுப்புகிறேன். சோதித்தவர் பெயரைக் குறிக்கும் டெஸ்டட்-பை வரியில் என் அலுவலக முகவரி வேண்டாம், சொந்த முகவரியைப் போடுங்கள்.