கெமோமில் பூ: மனதை விட்டுப் போகாத அனுபவம் யாருக்காவது உண்டா?

ரூர்க்கரையான்
டிப் டீயைப் பற்றிக் கதைக்க வரவில்லை, அதை எல்லாரும் குடித்திருப்பீர்கள். இங்கே ஜெர்மனியில் வயிறு சரியில்லை என்றால் கெமோமில் தேத்தண்ணியும் ரஸ்க்கும்தான் முதல் வைத்தியம், ஆஸ்பத்திரியிலேயே ஃப்ளாஸ்க் நிறையக் கொண்டுவந்து வைப்பார்கள். எனக்கு மனதில் நிற்பது வேறு. போன குளிர்காலம் எனக்கும் மகளுக்கும் சரியான சளி. அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நின்ற நேரம். மேல்மாடி ஜெர்மன் பாட்டி நான் இருமுவது கேட்டு ஒரு கடதாசிப் பையோடு இறங்கி வந்தார், எங்கள் சோற்றுச் சட்டியைத் தானே எடுத்துத் தண்ணீர் கொதிக்க வைத்தார். பூவைப் போட முதல் பையில் இருந்து ஒன்றை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளந்து அம்மாவிடம் நீட்டினார். வெள்ளை இதழ்களுக்கு நடுவில் இருக்கிற மஞ்சள் குமிழுக்குள் வெறும் கூடு. அம்மா எல்லாம் தெரிந்தவர் மாதிரித் தலையாட்டினார். பிறகு என் தலையில் துவாயைப் போட்டுச் சட்டிக்கு மேல் குனிய வைத்தார்கள். மகள் கிட்ட வரப் பார்த்ததும் பாட்டி ஒரு கையால் அவளைத் தள்ளியே பிடித்துக்கொண்டார், ஆவிச் சட்டி கவிழ்ந்து பிள்ளைகளுக்குச் சுடுகிறது இங்கே அடிக்கடி நடக்கிற விஷயமாம். நான் துவாய்க்குள் மூக்கு ஒழுக இருக்கிறேன், வெளியே அம்மா தமிழில் "நொச்சி போட்டால் இதைவிடக் கேட்கும்" என்கிறார், பாட்டி "யா, யா" என்கிறார்.

அந்தப் பூவை ஏன் பிளந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. வயல் ஓரத்தில் இதே தோற்றத்தில் மணமே இல்லாத ஒரு களை வளர்கிறது, அதன் குமிழ் உள்ளே நிரம்பி இருக்கும். பாட்டி தானே வயலோரம் போய்ப் பறிக்கிறவர். ஆனால் மருந்து எனக்கு, என்னிடம் காட்டாமல் அம்மாவிடம் ஏன் காட்டினார்? இன்னும் விளங்கவில்லை.

மொட்டைமாடிக்காரி
அண்ணா, இதைப் படித்ததும் நேரே மாடிக்கு ஓடினேன். மலைப்பக்கம் ஒரு நர்சரியில் கெமோமில் என்று சொல்லி ஒரு தொட்டிச் செடி கொடுத்தார்கள், அன்றைக்கே சந்தேகம். கெமோமில் இலை சதகுப்பை மாதிரி நூல் நூலாக இருக்க வேண்டும், இது அகலமாக, செவ்வந்தி இலை மாதிரி. கேட்டேன். அந்த ஆள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "மேடம், இது ஃபாரின் வெரைட்டி" என்றார். அந்த முகம்தான் எனக்கு மறக்கவில்லை, அவ்வளவு நம்பிக்கையாக ஒருவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. இப்போது பூவைப் பிளந்து பார்த்தாயிற்று, உள்ளே கெட்டி. கசக்கினால் குப்பென்று கசப்பு வாடை. ஃபீவர்ஃப்யூ என்று ஒரு செடி உண்டாம், அதுவாகத்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

செடிப்பைத்தியம்
இலையை வைத்துச் சொன்னது சரி. ஆனால் உள்ளே கெட்டி என்றால் கெமோமில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ரூர்க்கரையான் சொல்லும் கூடு சோதனை ஜெர்மன் கெமோமிலுக்கு மட்டும்தான். ரோமன் கெமோமில் என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கு உள்ளே கெட்டிதான், அதுவும் அசல்தான். ஜெர்மன் வகை ஒரு பருவத்தில் முளைத்துப் பூத்துச் செத்துவிடும், முழங்கால் உயரம்கூட வரும். ரோமன் வகை தரையோடு படர்ந்து பல வருடம் இருக்கும். இங்கே இங்கிலாந்தில் அதைப் புல்தரைக்குப் பதிலாகப் போடுகிறார்கள். ட்ரெனீக் என்று பூவே பூக்காத ரகம், விதை கிடையாது, வேரோடு பிய்த்துத்தான் நட வேண்டும்.

என் அனுபவம் என்று கேட்டால் அந்தத் தரைதான். ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னார்கள். மிதிக்க மிதிக்க ஆப்பிள் வாசனை ஏறுகிறது. என்னோடு வந்த மாமா மட்டும் "சாணி மெழுகின தரைக்கு ஈடாகுமா" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு சுற்றுப் போனார்.

கேம்ப்வாசி
செடி சண்டை நடக்கட்டும், நான் குடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சவூதியில் கேம்ப்பில் இருந்தபோது ஃபோர்மேன் எகிப்துக்காரர், ஃபயூம் பக்கம். உலகத்துக்கே கெமோமில் அனுப்புகிற ஊர் அது. நமக்கு டெல்டா என்றால் நெல் மாதிரி அவருக்கு இந்தப் பூ, வீட்டுப் பெண்கள் கையாலேயே பறிப்பார்களாம். ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை, லீவும் இல்லை. மனுஷன் எழுந்து வந்தார், ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடி கிளாஸில் பூவைப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மேலே சாசரைக் கவிழ்த்தார். நான் பொறுக்காமல் சாசரைத் தூக்கப் போனேன், பட்டென்று புறங்கையில் ஒரு அடி. நிஜமாகவே வலித்தது. அப்புறம் அரபியில் ஏதோ திட்டு, எனக்குப் புரிந்தது "ஆவி", "போய்விடும்" இரண்டும்தான். பத்து நிமிஷம் இரண்டு பேரும் அந்தச் சாசரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தூக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள், வரவில்லை. ஆனால் அந்த அடிக்கு அப்புறம் மனசு கொஞ்சம் லேசானது, அது பூவாலா அடியாலா என்று இன்றைக்கும் தெரியாது.

ஆல்ப்ஸ்_அக்கா
எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன். சுவிஸில் எங்கள் மாமிக்குக் கண் சிவந்து அரிப்பு. பக்கத்து வீட்டு அம்மா சொன்னபடி குடித்து முடித்த கெமோமில் பைகளைக் கண்ணில் வைத்துக்கொண்டு படுத்தார். எழும்பும்போது இரண்டு இமையும் வீங்கி ஒட்டிப்போய்விட்டன. "ஆருடி லைட்டை நூத்தது?" என்று கேட்டார் பாருங்கோ, மதியம் பன்னிரண்டு மணி, ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்குது. எனக்கு அந்தக் கேள்வி இப்பவும் காதில் நிற்கிறது. டாக்டரிடம் போய்ச் சரியானது.

மருந்தாளுநர்
அக்கா சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மருந்துக்கடையில் இருப்பவன், ஒரு பெரியவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் வாங்கும்போது கூடவே கெமோமில் டப்பாவையும் வைத்தார், நான் டப்பாவைத் திருப்பி அலமாரியில் வைத்தேன், கோபித்துக்கொண்டு போனவர் அப்புறம் வரவே இல்லை. என் கதை அவ்வளவுதான். ஆனால் ஏன் எடுத்து வைத்தேன் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். 2006-ல் கனடா மருத்துவ இதழில் ஒரு விவரம் வந்தது: வார்ஃபரின் சாப்பிட்டுவந்த 70 வயது அம்மா கெமோமில் டீயும் குடித்து, அதே பூச்சாறு சேர்த்த லோஷனும் தடவி, உடம்புக்குள்ளேயே ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கெமோமில் செவ்வந்தி, சூரியகாந்திக் குடும்பம், மாசிபத்திரி மகரந்தம் ஆகாதவர்களுக்கு இதுவும் சேராமல் போகலாம். கண்ணில் வைப்பது வேண்டவே வேண்டாம், கெமோமில் தண்ணீரில் கண் கழுவிக் கண் ஒவ்வாமை வந்தவர்களைப் பற்றி 1990-லேயே எழுதிவிட்டார்கள். அப்புறம் 2013-ல் உணவில் என்ன ஆபத்து என்று மதிப்பிடும் ஜெர்மன் அரசின் பிஎஃப்ஆர் நிறுவனம் மூலிகை டீக்களைச் சோதித்தபோது கெமோமிலிலும் கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் இருந்தன. அவை கெமோமிலுடையவை அல்ல, அறுவடையில் கலந்துவிடும் களைகளுடையவை. ஆகவே ரூர்க்கரையான், பாட்டி வயலோரம் பறிப்பதை அழகாகச் சொன்னீர்கள், ஆனால் தொழில்முறையில் பறிப்பவர்களுக்கே களை கலக்கிறது என்றால் வீட்டில் பறிப்பது எவ்வளவு பாதுகாப்பு? கர்ப்பிணிகள் டாக்டரைக் கேளுங்கள். கைக்குழந்தைக்கு ஆற்றிக் கொடுக்கிறேன் என்று தேன் கலக்காதீர்கள், ஒரு வயதுக்குள் தேனே கூடாது. சாதாரண ஆளுக்கு 150 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் பூ போதும். தினமும் குடம் குடமாகக் குடிக்க வேண்டாம்.

ரூர்க்கரையான்
தம்பி, பாட்டி ஒவ்வொரு பூவாகப் பார்த்துப் பறிக்கிறவர். மெஷின் வயலையே வழித்துக்கொண்டு போகிறது. களை எதில் கலக்கும் என்று நீங்களே சொல்லுங்கோ.

ஆல்ப்ஸ்_அக்கா
நான் மாமி கதை சொன்னேன், மருந்துச்சீட்டு கேட்கவில்லை 🙂 ஆனால் வார்ஃபரின் விஷயத்தை எங்கள் வீட்டுக் குழுவில் போட்டுவிட்டேன்.

லக்னோவில்_ஒரு_தமிழன்
கெமோமில் என்றால் வெளிநாடு என்று நினைக்க வேண்டாம். லக்னோவில் சீமேப் என்று மணச்செடி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, வல்லரி என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறார்கள். சுற்று வட்டாரத்தில் குளிர்காலப் பயிர், பிப்ரவரி மார்ச்சில் பூ. நண்பன் ஊரில் எண்ணெய் வடிக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனான். வெள்ளையும் மஞ்சளுமான பூவை மூட்டை மூட்டையாகக் கலனில் கொட்டினார்கள், நான் மஞ்சள் எண்ணெய் வரும் என்று காத்திருந்தேன். வந்தது நீலம். பேனா மை நீலம்! சாயம் கலக்கிறார்கள் என்றே நினைத்தேன். பூவில் நிறமில்லாத மேட்ரிசின் என்ற பொருள் இருக்கிறது, நீராவிச் சூட்டில் அது உடைந்து சாமசுலீன் ஆகிறது, அதுதான் நீலம் என்று அங்கிருந்தவர் விளக்கினார். விரலில் பட்டதைச் சட்டையில் துடைத்துவிட்டேன், அந்தச் சட்டை அதோடு சரி.

மொட்டைமாடிக்காரி, நர்சரிச் செடியை விடுங்கள், ஜெர்மன் வகை விதை வாங்குங்கள். தூசி மாதிரி இருக்கும், மண்ணைப் போட்டு மூடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மேலே தூவி லேசாக அமுக்கிவிட்டு, குவளையால் ஊற்றாமல் ஸ்ப்ரே அடியுங்கள். கோவைக்கு நவம்பர் சரி. உரம் அள்ளிப் போட்டால் இலைதான் வரும். இதழ் விரிந்து படுக்கையாக நிற்கும்போதே காலையில் பறித்து நிழலில் காயவையுங்கள். பறிக்கப் பறிக்கப் பூக்கும். மார்ச் வெயிலில் செடி போய்விடும், அதற்கு வருத்தப்பட வேண்டாம், அதன் ஆயுசே அவ்வளவுதான்.

மொட்டைமாடிக்காரி
கோவை என்று நான் சொல்லவே இல்லையே, எப்படித் தெரியும்?? சரி, கோவைதான்.

கறுப்புக்கூந்தல்
தலைமுடிக்கு யாரும் சொல்லவில்லையே. ஹாஸ்டலில் போலந்துப் பெண் ஒருத்தி கெமோமில் வடித்த தண்ணீரில் முடி அலசுவாள், பொன்னிறம் இன்னும் பளிச்சென்று ஆகுமாம், அவள் பாட்டி காலத்து வழக்கமாம். எனக்கும் ஒரு ஜக்கு ஊற்றிவிட்டு வெயிலில் உட்காரவைத்துக் கண்ணாடியைக் கொடுத்தாள். அவள் என் முடியைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன், கடைசியில் "வாசனை நன்றாக இருக்கிறது" என்றாள்.

மருந்தாளுநர்
முடிக்குப் பரவாயில்லை, கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.