நம்ம வீட்டு அரட்டை (வாட்ஸ்அப் குழு)

முரளி மாமா: பேத்தி பள்ளியில் ரோசா பார்க்ஸ் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட வேண்டியிருந்த காலத்தில், கால் வலியில் எழுந்திருக்க மறுத்தார், பஸ் புறக்கணிப்புப் போராட்டம் வெடித்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். போதுமா?

கவிதா: ஐயோ மாமா, கால் வலியை முதலில் அடியுங்கள்! தையல் வேலை பார்த்தாலும், கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மான்ட்கோமரி நகரக் கிளைச் செயலாளராகப் பல வருடம் இருந்தவர் அவர். 9 மாதம் முன்பே 15 வயது கிளாடெட் கோல்வின் அதே ஊரில் சீட்டை விட மறுத்துக் கைதாகியிருந்தாள்.

செல்வி அத்தை: ஒரே ராத்திரியில் ஊரே பஸ் ஏறாமல் நின்றது எப்படிடி? எங்கள் குடியிருப்பில் தண்ணீர்ப் பிரச்சினைக் கூட்டத்துக்கே நாலு பேர்தான் வருகிறார்கள்.

கவிதா: ஒரே ராத்திரி இல்லை அத்தை. ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, பெண்கள் அரசியல் மன்றத் தலைவி, 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தார். 1955 டிசம்பர் 1 அன்று பார்க்ஸ் கைதானதும், கல்லூரி இயந்திரத்திலேயே விடிய விடியத் துண்டறிக்கை அடித்தார், ஆயிரக்கணக்கில். டிசம்பர் 5, திங்கட்கிழமை, பஸ்கள் காலி.

முரளி மாமா: மார்ட்டின் லூதர் கிங் எங்கே? காந்தி வழி என்று படித்தேனே.

கவிதா: வந்தார். அன்று மாலைதான் போராட்டத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஊருக்குப் புதியவர், வயது 26. காந்தி பேச்செல்லாம் பிறகு வலுத்தது.

ரவி: 381 நாள் பஸ் ஏறாமல் வேலைக்கு எப்படிப் போனார்கள்?

கவிதா: நிறையப் பேர் நடந்தே. வெள்ளையர் வீடுகளில் சமைத்து, துவைத்துப் பிழைத்த பெண்கள்தான் அதிகம். கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிக்கொண்டார்கள். நகராட்சி அதைத் தடுத்ததும் சொந்தக் கார்கள், சர்ச் வண்டிகள்.

செல்வி அத்தை: பெட்ரோல் யார் போட்டது?

கவிதா: அதைத்தான் சொல்ல வந்தேன்! ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர், ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி சாண்ட்விச், கேக் செய்து விற்றார். பணத்தை வாராந்தரக் கூட்டத்தில் கொட்டுவார். யார் கொடுத்தது என்றால் 'எங்கிருந்தோ' என்பார். பெயர் தெரிந்தால் வேலை போய்விடுமே. கோர்ட்டில் சாட்சி சொன்னதற்கு அவர் வேலையே போனது. அப்புறம் வீட்டிலேயே சமைத்து விற்றார்.

ரவி: ஜெயித்தது கோர்ட்டிலா?

கவிதா: ஆமாம். பஸ்ஸில் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து வழக்குப் போட்ட பெண்களில் கோல்வினும் ஒருத்தி. அது செல்லாது என்ற தீர்ப்பை 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. டிசம்பர் 21 முதல் எல்லோரும் எங்கும் உட்காரலாம்.

செல்வி அத்தை: முரளி, கில்மோரைக் கட்டாயம் சேர்.

முரளி மாமா: சேர்த்தாயிற்று. கேக் எடுத்துப் போய்க் காட்டலாமா என்று பேத்தி கேட்கிறாள்.