ஏஜென்ட் தரும் ஓசி கிளவுஸ்: வாங்கலாமா, கூடாதா?

வியாசை கோச்:
நம்மிடம் பதினான்கு பையன்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள். கிளவுஸ் மொத்தம் ஒன்பது, அதிலும் இரண்டு கிழிந்து ஷூ லேஸ் போட்டுக் கட்டியது. போன வாரம் ஒருவர் வந்தார். ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டார். ஒரு மணி நேரம் ஆட்டம் பார்த்துவிட்டு மூன்று பையன்களைக் காட்டி, "இவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கிளவுஸ், பேட், ஸ்பைக்ஸ் எல்லாம் தனக்குத் தெரிந்த சப்ளையர் தருவாராம், ஒரு ரூபாய் வேண்டாமாம். மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டால் போதுமாம். எனக்குச் சரி என்றுதான் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பெரியமேட்டுக் கடை:
வேண்டாம் கோச். இருபது வருடத்துக்கும் மேலாக விளையாட்டுச் சாமான் விற்கிறேன். ஒரு ரூபாய் வேண்டாம் என்றால் அந்த ரூபாயை வேறு யாரோ கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். கிரிக்கெட்டில் இந்தக் கதையை நிறையப் பார்த்தேன். "நம்ம பசங்களை உங்க கடைக்கே அனுப்புறேன், பில்லில் எனக்கு எவ்வளவு?" என்பதுதான் முதல் பேச்சே. சப்ளையரோடு உறவு என்று அவர் சொல்வது பெரும்பாலும் இந்த உறவுதான்.

வியாசை கோச்:
அண்ணே, எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அமெரிக்காவில் ஏஜென்ட் வேலையில் பாதி இதுதான். அங்கே மைனர் லீக், அதாவது பெரிய லீக்குக்குக் கீழ்மட்டத்தில் ஆடும் பையன்களுக்கு அணி பேட் கொடுக்கும். கிளவுஸும் ஸ்பைக்ஸும் பெரும்பாலும் அவனவன் பாடு. 2023-இல் வீரர் சங்கத்தோடு புது ஒப்பந்தம் வருவதற்கு முன், மைனர் லீக்கின் உச்சமான டிரிபிள் ஏ மட்டத்திலேயே குறைந்தபட்ச வருடச் சம்பளம் 17,500 டாலர்தான், அந்த ஒப்பந்தத்தில் 35,800 ஆனது. அந்தச் சம்பளத்தில் நல்ல கிளவுஸ் ஒன்று வாங்குவது பெரிய செலவு. அதனால்தான் ஏஜென்ட் கம்பெனிக்காரர்களைப் பழக்கம் வைத்துக்கொண்டு, பையன் மேலே வரும் வரை சாமானுக்கு வழி பண்ணுகிறார். பையன் மேலே போனால் அதே கம்பெனி காசும் கொடுத்து ஒப்பந்தம் போடும். இதில் என்ன தப்பு?

பெரியமேட்டுக் கடை:
தப்பில்லை. ஆனால் அங்கே அந்த ஆளுக்குக் கடிவாளம் இருக்கிறது. வீரர் சங்கம் சான்று கொடுத்தால்தான் ஏஜென்ட் ஆக முடியும். பையன் கைக்கு வருவது குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே இறங்கும்படி அவர் பங்கு எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வழக்கமான பங்கே நான்கைந்து சதவீதம்தான். பையன் நன்றாக ஆடினால்தான் அவருக்கு வருமானம், ஆகையால் நல்ல சாமான் வாங்கித் தருவார். உங்கள் ஆளுக்கு யார் சான்று கொடுத்தது? பையன் சம்பாதிக்கும் முன்பே அவர் எங்கே சம்பாதிக்கிறார் என்று கேட்டுப் பார்த்தீர்களா?

தண்டையார்பேட்டை லெஃப்டி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கல்லூரி அணியில் ஆடியபோது எங்களுக்கும் ஒருவர் "சப்ளையர் தொடர்பு" என்று சொல்லி ஒரு பெட்டி கொண்டுவந்தார். பன்னிரண்டு கிளவுஸ், புத்தம் புதுசு, தோல் வாசனை அடித்தது. நான் இடது கையால் எறிகிறவள். எறியாத கையில்தான் கிளவுஸ், அதனால் அது என் வலது கையில்தான் ஏற வேண்டும். பெட்டியில் பன்னிரண்டும் இடது கையில் போடுவது. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றார். கட்டை விரல் போக வேண்டிய இடத்தில் சுண்டு விரலை நுழைத்து இரண்டு மாதம் ஆடினேன். பந்து கிளவுஸின் குழியில் நிற்காது, உள்ளங்கையில் அடித்துத் தெறிக்கும். பயிற்சி முடிந்தால் உள்ளங்கை பீட்ரூட் மாதிரி இருக்கும். கடைசியில் சீனியர் அக்கா ஒருத்தியின் பழைய கிளவுஸுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, நடுவில் பந்தை வைத்து ரப்பர் பேண்ட் சுற்றி, தலையணைக்கு அடியில் வைத்துப் பழக்கினேன். (தேங்காய் எண்ணெய் தோலுக்கு ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது.) கோச் சார், அந்த மூன்று பேரில் யாராவது இடது கைப் பையனா?

வியாசை கோச்:
ஆமாம்மா. நம்ம பிட்சர்தான், பேட்ஸ்மேனுக்குப் பந்து எறிகிறவன்.

பெரியமேட்டுக் கடை:
கேட்டீர்களா! பிட்சருக்குக் கட்டை விரல் பக்கத்து வலையில் இடைவெளி இல்லாத கிளவுஸ் வேண்டும், உள்ளே பந்தை எப்படிப் பிடிக்கிறான் என்று பேட்ஸ்மேனுக்குத் தெரியக் கூடாது. அந்த ஆள் இதையாவது கேட்டாரா?

வண்ணை ஸ்ட்ரைக்கர்:
நாங்கள் கேரம் ஆட்கள், பேஸ்பால் தெரியாது. ஆனால் எங்கள் ஏரியாவில் ஸ்ட்ரைக்கரை யாரும் யாருக்கும் "ஏற்பாடு" செய்து தர மாட்டார்கள். அவனவன் விரலுக்கு அவனவன் தேடி எடுத்ததுதான். 2024-இல் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம்ம பக்கத்துப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அந்தப் பெண்ணுக்கு எந்த ஏஜென்ட் இருந்தார்?

வியாசை கோச்:
தம்பி, ஸ்ட்ரைக்கரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். பேட்ஸ்மேனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சரின் சாமானை மட்டும் தூக்க ஒரு ஷேர் ஆட்டோ வேண்டும். உபி-யிலிருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று இரண்டு ஈட்டி எறிகிற பையன்கள் 2008-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பேஸ்பால் அணியில் சேர்ந்தார்களே, அவர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதே பெர்ன்ஸ்டைன் என்ற ஏஜென்ட்தான். ஏஜென்ட் என்றாலே திருடன் என்றால் எப்படி?

பெரியமேட்டுக் கடை:
அவர் கிளவுஸைக் காட்டியா கூப்பிட்டார்? எல்லார் எதிரிலும் போட்டி வைத்து, வேகம் அளக்கும் கருவியோடு நின்று, பரிசுப் பணம் இவ்வளவு என்று முன்பே சொல்லிக் கூப்பிட்டார். உங்கள் ஆள் மூடிய கவரில் ஒப்பந்தம் நீட்டுகிறார்.

தண்டையார்பேட்டை லெஃப்டி:
இன்னொன்று. 2023-இல் ஜப்பானிய பேஸ்பால் நட்சத்திரம் ஓதானி ஜப்பானில் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கிளவுஸ் கொடுப்பதாக அறிவித்தார், ஏறத்தாழ 60,000. அவரோடு ஒப்பந்தம் போட்ட நியூ பேலன்ஸ் கிளவுஸ்தான், கம்பெனிக்கு விளம்பரம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பள்ளிக்கு மூன்று வீதம் போனதில் இரண்டு வலது கைப் பிள்ளைகளுக்கு, ஒன்று இடது கைப் பிள்ளைக்கு. சப்ளையர் உறவு என்றால் இப்படி இருக்கட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை கோச் சார், எனக்கு வந்த பெட்டி மாதிரி வேண்டாம் என்கிறேன்.

வியாசை கோச்:
சரி. இன்றைக்கு அவருக்குப் போன் போட்டேன். மூன்று கேள்வி கேட்டேன். சப்ளையரிடமிருந்து உங்களுக்கு என்ன வருகிறது? சாமான் கைக்குச் சேராவிட்டால் பையன் வேறு வாங்கிக்கொள்ளலாமா? ஒரு வருடத்தில் விலக முடியுமா? முதல் கேள்விக்கு, "அதெல்லாம் பிசினஸ் சார்" என்றார். இரண்டாவதுக்கு, ஒப்பந்தம் இருக்கும் வரை அந்தக் கம்பெனி சாமான்தான் என்றார். மூன்றாவது கேட்கும்போது லைன் கட் ஆகிவிட்டது. சிக்னல் பிரச்சினையாகவும் இருக்கலாம்.

பெரியமேட்டுக் கடை:
சிக்னல்தான், சிக்னல்தான்.

வியாசை கோச்:
சிரிக்காதீர்கள் அண்ணே. ஏஜென்ட்டே கூடாது என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். ஒழுங்கான ஆள் வந்தால் கையெழுத்துப் போடத்தான் போகிறேன், பதினான்கு பேருக்கு ஒன்பது கிளவுஸ் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அது இருக்கட்டும். இடது கைப் பிட்சர் கிளவுஸ், பன்னிரண்டு இன்ச், உங்களிடம் இருக்குமா? என்ன விலை?

பெரியமேட்டுக் கடை:
ஸ்டாக்கில் இல்லை, வரவழைக்கிறேன். விலை வாங்கின விலை, பில்லோடு காட்டுகிறேன், மாதா மாதம் கொடுங்கள். அளவு எழுதி அனுப்ப வேண்டாம், அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்குள் பையனையே கூட்டிவாருங்கள். அவன் கையில் போட்டுப் பார்த்துத்தான் தருவேன்.

தண்டையார்பேட்டை லெஃப்டி:
தேங்காய் எண்ணெய் மட்டும் தடவ விடாதீர்கள்.