எம்பிராய்டரி மிஷின்: ஒற்றை ஊசியா, ஆறு ஊசியா?

டி-ஷர்ட்டிலும் தொப்பியிலும் லோகோ போட்டுக் கொடுக்கும் சிறு தொழில் தொடங்கப்போகிறேன். எந்த மிஷின் வாங்குவது என்று மாதக்கணக்கில் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.

தெரிந்தவரிடம் இருந்த வீட்டு உபயோக மிஷினை ஓட்டிப் பார்த்தேன். ஒற்றை ஊசி, 5×7 அங்குல ஃப்ரேம். டி-ஷர்ட்டில் தையல் அவ்வளவு சுத்தம்! ஆனால் நிறம் மாறும்போதெல்லாம் மிஷின் நின்றுவிடும், புது நூல் கோத்த பிறகுதான் ஓடும். தொப்பிதான் பெரிய தலைவலி. ஃப்ரேமில் தட்டையாக உட்காராமல் நெற்றிப்பக்கத் துணி சுருங்கி, எழுத்துகள் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டன. துணிக்கு அடியில் வைக்கும் ஸ்டெபிலைசர் தாளைக் கனமாகப் போட்டும், வேகத்தைக் குறைத்தும் சரிவரவில்லை.

அடுத்து பார்த்து வைத்திருப்பது பிரதர் கம்பெனியின் பிஆர்680டபிள்யூ மிஷின். ஆறு ஊசி, 8×12 அங்குலம் வரை தைக்கலாம், தொப்பி ஃப்ரேமும் மாட்டலாம். புதிதாக வாங்கினால், லோகோ படத்தைத் தையல் டிசைனாக மாற்றும் டிஜிட்டைசிங் மென்பொருளுக்குக் கையில் காசு மிஞ்சாது.

தொப்பி ஆர்டரும் எடுக்க வேண்டும் என்பதால் கேட்கிறேன்: இதே ஆறு ஊசி மிஷினைச் செகண்ட் ஹேண்டில் வாங்கித் தொழிலைத் தொடங்கலாமா?