கலைச்சொல்: இசைத்தட்டுக்கு உறையா, அட்டையா, சட்டையா?

மடல் 1

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1917இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து 2011இல் மறைந்தவர். கொலம்பியா ரிக்கார்ட்ஸ் நிறுவனத்தின் முதல் கலை இயக்குநர். எந்தப் பாட்டுத் தொகுப்பு வந்தாலும் அதற்கென்று ஒரு படம் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்தை 1940இல் தொடங்கிவைத்தவர்.

கட்டுரை பாதியில் நிற்கிறது. ஸ்லீவ், ஜாக்கெட், கவர், ஆல்பம், லைனர் நோட்ஸ், கேட்ஃபோல்ட் என்று வரும் ஆறுக்கும் 'உறை' ஒன்றையே வைத்துச் சமாளித்திருக்கிறேன். ஒரே பத்தியில் ஏழு உறை. திருப்பிப் படித்தால் அஞ்சலகத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. 'இசைத்தட்டு உறை வடிவமைப்பாளர்' என்று தலைப்பு வைத்தால் இரண்டு வரிக்கு ஓடுகிறது.

சின்னதாக, வாயில் நிற்கும்படி சொற்கள் வேண்டும். உதவுங்கள்.

மடல் 2

தம்பி,

சொல்லுக்கு முன் பொருளைச் சொல்லுங்கள். வாளுக்கும் உறை உண்டு, தலையணைக்கும் உண்டு, கிணற்றுக்கும் உண்டு. 'கையுறை' சங்கப் பாட்டில் தலைவன் தலைவிக்குக் கொண்டுவரும் தழையும் பூவும். இன்று விரல்களில் மாட்டிக்கொள்வது. சொல் அதன் போக்கில் போகும், தடுக்க முடியாது. புறப்படும் இடத்திலாவது நாம் தெளிவாக இருக்க வேண்டாமா?

நீங்கள் சொல்லும் ஆறும் ஆறு பொருளா, ஒரே பொருளின் ஆறு பெயரா? அதை முதலில் பிரித்துக் கொடுங்கள்.

மடல் 3

ஐயா, வணக்கம். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

1940க்கு முன்பு நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டுகள்தான். ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடம் கொள்ளும். ஒரு சிம்பொனி முழுவதும் வேண்டுமென்றால் பல தட்டுகள் ஆகும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தாள் பை. பைகளையெல்லாம் புத்தகம்போல முதுகு வைத்துத் தைத்து மேலே கனத்த அட்டை. இந்தக் கட்டுக்குத்தான் ஆல்பம் என்று பெயர். படம் ஒட்டும் ஏட்டைப் பார்த்து வைத்த பெயர்.

அந்த அட்டையில் படம் கிடையாது. பழுப்பு, சாம்பல் என்று ஏதோ ஒரு மங்கல் நிறம், தலைப்பை எழுத்தில் பொறித்திருப்பார்கள், அவ்வளவுதான். கடைக்காரர்களே இவற்றைக் கல்லறைக்கல் என்று கேலி செய்தார்களாம். ஸ்டைன்வைஸ் கொலம்பியா நிறுவனத்திடம் கேட்டது எளிமையான கேள்வி: உள்ளே இவ்வளவு அழகான இசை இருக்கும்போது வெளியே ஏன் இப்படி? படம் போட்டால் செலவு கூடுமே என்று தயங்கியவர்கள், சில தொகுப்புகளுக்கு மட்டும் செய்து பார்க்க விட்டார்கள்.

முதல் படம் இசையமைப்பாளர் ராட்ஜர்ஸ், பாடலாசிரியர் ஹார்ட் இருவரும் சேர்ந்து ஆக்கிய பாடல்களுக்கு. நியூயார்க்கில் இம்பீரியல் என்ற நாடக அரங்கு. அதன் முகப்பில் ஒளிரும் பெயர்ப்பலகையின் எழுத்துகளைக் கொஞ்ச நேரத்துக்கு மாற்றி, தொகுப்பின் பெயரை ஏற்றிப் படம் பிடித்தார்கள். இன்றானால் கணினியில் ஐந்து நிமிட வேலை. அன்று அரங்கு உரிமையாளரின் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பீத்தோவனின் எரோய்க்கா சிம்பொனியை புரூனோ வால்ட்டர் நடத்திய பதிவு ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. அதற்குப் புதுப் படம் போட்டதும் விற்பனை 895 விழுக்காடு கூடியதாக நியூஸ்வீக் எழுதியது. தட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

ஆக, தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாள் பை ஒன்று, வெளி அட்டை ஒன்று, அட்டைமேல் படம் ஒன்று, உள்ளே இருக்கும் இசையைப் பற்றிய எழுத்து ஒன்று. நான்கு தனிப் பொருள்கள்.

மடல் 4

தம்பி சொன்னதில் ஆல்பத்துக்கு விடை இருக்கிறது. தைத்த ஏடு, அதில் தட்டைச் செருகுகிறோம். 'செருகேடு' என்று சொன்னால் 1940ஆம் ஆண்டுக் கட்டு அப்படியே கண்முன் வரும்.

ஆனால் அது அந்தக் காலத்தோடு சரி. 1948 ஜூனில் கொலம்பியா நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. எல்.பி. என்கிறோமே, அதுதான்: 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். முழு சிம்பொனியும் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. செருகவும் ஏடு இல்லை, தைக்கவும் முதுகு இல்லை. ஆல்பம் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆகவே 78 சுற்றுக் கட்டுக்குச் செருகேடு, அதன்பின் வந்ததற்குத் தொகுப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் ஸ்டைன்வைஸ் இரண்டு முறை செய்த வேலை ஒன்றாகக் குழம்பிவிடும். அவர் படத்தோடு நின்றவரல்ல. நெடுந்தட்டு வந்தபோது அட்டையையும் அவர்தான் வடிவமைத்தார். அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மடல் 5

அக்கா ஆரம்பித்துவைத்ததை நான் முடிக்கிறேன். முப்பது வருடம் அச்சகத்தில் பைண்டிங் பக்கம் இருந்தவன், இது என் ஏரியா.

நெடுந்தட்டு வினைல். அரக்குத் தட்டுபோல் கீழே விழுந்தால் உடையாது, ஆனால் எளிதில் கீறல் விழும், வரிப்பள்ளமும் நுணுக்கமானது. முதலில் தடிமனான பழுப்புக் கிராஃப்ட் தாளை மடித்து அதற்குள் போட்டிருக்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தாள் அழுத்தித் தட்டில் தடம் விழுந்தது. ஸ்டைன்வைஸ் மெல்லிய அட்டையை மடித்து ஒட்டி, அதன்மேல் அச்சிட்ட தாளைப் போர்த்தினார். கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். அதைப் பல்லாயிரக்கணக்கில் அடித்துத் தள்ள இயந்திரம் வேண்டுமே! 2,50,000 டாலர் போட்டு இயந்திரம் இறக்க ஒரு தயாரிப்பாளரைத் தேடிப் பிடித்தார்கள். காப்புரிமையில் ஸ்டைன்வைஸ் பெயர் இருந்தது. ஒப்பந்தப்படி உரிமை கொலம்பியாவுக்குப் போய்விட்டது. உலகம் முழுக்க எத்தனை கோடி தட்டு அந்த அட்டைக்குள் போயிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். உள்ளே இருப்பது வெறும் தாள், அதற்குத் 'தாளுறை'. வெளியே இருப்பதை அவர்களே ஜாக்கெட் என்கிறார்கள். நாமும் 'சட்டை' என்று சொல்லிவிட்டுப் போகலாமே? தட்டுச் சட்டை.

மடல் 6

சட்டையா? பாம்பு உரித்துப் போடுவதல்லவா அது! 'ஸ்டைன்வைஸ் வாழ்நாளில் 2,500 சட்டைகளுக்குமேல் வடிவமைத்தார்' என்று எழுதினால் அவரைத் தையற்காரர் ஆக்கிவிடுவார்கள்.

தாளுறைக்கு என் வாக்கு உண்டு. வெளியே இருப்பதற்குத் தட்டு + உறை, 'தட்டுறை'. புணர்ச்சி இயல்பாக விழுகிறது, நான்கே எழுத்து. தட்டுறை வடிவமைப்பாளர், தட்டுறைக் கலை, தட்டுறைச் சேகரிப்பு என்று எல்லாம் ஓடி வருகின்றன. கிளைக்காத சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மடல் 7

தட்டுறை நன்று. அட்டை என்று போகாமல் இருந்ததும் நன்று. அது குருதி குடிக்கும்.

தாளுறைக்கு 'உள்ளுறை' என்று யாராவது முன்மொழிவீர்கள் என்று அஞ்சிக்கொண்டிருந்தேன். வேண்டாம். உள்ளுறை தொல்காப்பியர் வீட்டுச் சொல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தம்பி எனக்குத் தனியே சில படங்களை அனுப்பியிருந்தார். கெர்ஷ்வின் இசைக்கு வரைந்தது: நீல இரவு, ஒற்றைத் தெருவிளக்கு, அதன் அடியில் யாருமில்லாத பியானோ. பால் ராப்சன் பாடிய விடுதலைப் பாடல்களுக்கு, விலங்கு பூட்டிய கையொன்று கத்தியைப் பற்றியிருக்கிறது. பாடியவர் முகம் எங்கும் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல், பக்கத்தில் இருக்கும் பொருளைக் காட்டி உணர்த்துகிறார். நம் உள்ளுறை உவமத்தின் இயல்பும் அதுதான். கருப்பொருளை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. உங்கள் கட்டுரையில் உள்ளுறைக்கு இடம் உண்டு தம்பி, தாள் பைக்குப் பெயராக அல்ல.

இனி லைனர் நோட்ஸ். 'உறையுரை' என்று எழுதிப் பார்த்தேன், கண்ணுக்கு அழகு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். றகர ரகரத்தை வேறுபடுத்தி ஒலிப்பவர் நம்மில் எத்தனை பேர்? திக்குவாய்போல் கேட்கிறது. பழைய இலக்கணத்தில் பாயிரத்துக்கு முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்று ஏழு பெயர் சொல்லியிருக்கிறது. அவற்றில் 'புறவுரை' இன்று வேலையில்லாமல் கிடக்கிறது. நூலுக்குள் அடங்காமல் அதன் புறத்தே நின்று நூலைப் பற்றிப் பேசுவது. தட்டுறையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் குறிப்பு வேறென்ன செய்கிறது? யார் இயற்றியது, யார் வாசித்தது, எதைப் பற்றியது, யார் கேட்க வேண்டியது. எல்லாம் பாயிரம் சொல்லும் செய்திகளே.

மடல் 8

ஐயா, புறவுரை அபாரம். எடுத்துக்கொண்டோம்.

எனக்கு ஒரு குறை. கைபேசியில் பாட்டுக் கேட்கிறோம். தட்டு இல்லை, தாளுறை இல்லை, தட்டுறை இல்லை. ஆனால் விரல்நகம் அளவில் ஒரு சதுரப் படம் இருக்கிறது. அதை எப்படித் தட்டுறை என்பது? ஸ்டைன்வைஸின் முதல் படம் அரங்கின் முகப்பு என்று தம்பி எழுதியிருந்தாரே, அப்போதே சொல் கைக்கு வந்துவிட்டது. அந்தப் படத்துக்கு 'முகப்பு' என்றே பெயர் வைப்போம். பொருளுக்குத் தட்டுறை, படத்துக்கு முகப்பு. தட்டுறை போனபின்னும் முகப்பு இருக்கிறது.

அவர் அதைச் சுவரொட்டியாகவே நினைத்தார். பள்ளியில் லியோன் ஃபிரெண்ட் என்ற ஆசிரியரிடம் வரைகலை படித்தவர், பிறகு வியன்னாவிலிருந்து வந்த சுவரொட்டிக் கலைஞர் ஜோசஃப் பிண்டரிடம் வேலை பார்த்தவர். தெருவில் நடந்துபோகிறவனைத் தூரத்திலிருந்து நிறுத்தும் வித்தை. தட்டையான நிறம், பெரிய உருவம், கொஞ்சம் எழுத்து. அதனால்தான் அந்த முகப்புகளை நகத்தளவுக்குச் சுருக்கினாலும் அடையாளம் தெரிகிறது. பின்னால் வந்த பல தட்டுறைகள் சுருக்கினால் சேறாகிவிடுகின்றன.

மடல் 9

அக்கா சொன்னது சரி, ஆனால் முகப்பு மட்டுமே போதும் என்று விட்டுவிடாதீர்கள். கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கும் பொருள் அது. 1983இல் பீட்டர் சேவில், நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே'வுக்கு டை என்ற வெட்டச்சால் ஓட்டை போட்டு, தட்டுறையையே அந்தக் காலக் கணினியின் ஃப்ளாப்பி வட்டுபோல் ஆக்கினார். வெட்டுக்கூலியை நினைத்தால் எனக்கு இங்கே வயிறு கலங்குகிறது. 1975இல் ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்புக் குழுவினர் பிங்க் ஃப்ளாய்டு இசைக்குழுவுக்குச் செய்த தட்டுறைமேல் கறுப்பு நெகிழித் தாளைச் சுற்றி, முகப்பே தெரியாமல் விற்றார்கள். முகப்பை மறைத்து விற்கும் துணிச்சல், வாங்குகிறவன் முகப்பைத் தேடுவான் என்று தெரிந்தபின் வருவது.

கேட்ஃபோல்ட் பாக்கி இருக்கிறது. புத்தகம்போல் இரண்டாக விரியும் தட்டுறை. 'விரியுறை' என்கிறேன். விரிந்த, விரிகின்ற, விரியும் உறை. வினைத்தொகை, ஐயா கோபிக்க மாட்டார். சட்டையைப் பாம்போடு சேர்த்துவைத்தவர் இதில் விரியனைக் கொண்டுவராமல் இருந்தால் சரி.

தட்டுறையின் ஓரத்தில் பெயர் அச்சிடும் இடத்துக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். புத்தகத்துக்கு முதுகு என்கிறோம், இதற்கும் முதுகு.

மடல் 10

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையை முடித்து ஓர் இதழுக்கு அனுப்பிவிட்டேன். செருகேடு, தாளுறை, தட்டுறை, முகப்பு, புறவுரை, விரியுறை ஆறும் ஏறிவிட்டன. ஒவ்வொன்றும் முதலில் வரும் இடத்தில் அரை வரி விளக்கம் கொடுத்திருக்கிறேன். அவர் கையெழுத்தில் சுருள்சுருளாக எழுதிய எழுத்துகளை அவர்கள் 'ஸ்டைன்வைஸ் ஸ்க்ரால்' என்கிறார்கள். அதற்கு 'ஸ்டைன்வைஸ் கிறுக்கல்' என்று நானாகவே போட்டுவிட்டேன். ஆட்சேபம் இருந்தால் திட்டலாம்.

ஆசிரியர் குழுவிலிருந்து நேற்று மெய்ப்பு வந்தது. தலைப்பில் 'தட்டுறை'யை எடுத்துவிட்டு 'ஆல்பம் கவர்' என்று மாற்றியிருக்கிறார்கள். வாசகருக்குப் புரியாதாம். உள்ளே கை வைக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன், பதினொரு இடத்தில் தட்டுறை அப்படியே இருக்கிறது.

மடல் 11

பதினொன்று போதும் தம்பி. கிறுக்கலுக்கும் ஆட்சேபம் இல்லை. மெய்ப்பில் ஒன்று மட்டும் பாருங்கள்: மூன்றாம் பத்தியில் புறவுரை 'புறவுறை' என்று விழுந்திருக்கிறது.