சம்பளத்துக்காகத் தாதியாகப் போகலாமா?

படுவான்கரையான்:
என் அக்காவின் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. இப்போது தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். ஏன் என்று கேட்டேன். "மாமா, படிக்கும்போதே கொடுப்பனவு தருவாங்க, முடித்தால் அரசாங்க வேலை, பிறகு வெளிநாட்டுக்கும் போகலாம்" என்றாள். நோயாளி என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. எனக்கு அது பெரிய கவலை.

ஏன் கவலை என்றும் சொல்கிறேன். போன வருடம் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து 11 நாள் வார்டில் இருந்தார். எந்த வைத்தியசாலை என்று சொல்லப் போவதில்லை. பெண்கள் வார்ட், அதனால் இரவில் தங்கச்சிதான் துணைக்கு நின்றாள். ஒரு நாள் இரவு அம்மா படுக்கையை நனைத்துவிட்டார். தங்கச்சி தனியாகத் தூக்கிப் புரட்ட முடியாமல் மூன்று தடவை போய்ச் சொன்னாள். மூன்றாம் தடவை, "பிறகு நீங்க எதுக்கு நிக்கிறீங்க?" என்று ஒரு மிஸ்ஸி, அதாவது தாதி, சீறி விழுந்தார். விடியும்வரை அம்மா அந்த ஈர விரிப்பில்தான் கிடந்தார். நடுமுதுகுக்குக் கீழே புண் வந்தது அதற்குப் பிறகுதான்.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் பெரிய பணக்கார வீட்டுப் பெண். அவருக்குச் சம்பளம் தேவைப்படவில்லை. வீட்டார் மறித்தும் கேட்காமல் தாதி வேலைக்கு வந்து, 1854 இல் கிரிமியப் போரில் காயப்பட்டவர்களைப் பராமரிக்கப் போனார். அப்படி உள்ளிருந்து ஓர் உந்துதல் இல்லாதவர்கள் இந்த வெள்ளை உடுப்பைப் போடவே கூடாது என்பது என் கருத்து. புள்ளியைப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள். மனதைப் பார்த்து எடுக்க வேண்டும்.

திராய்மடு மகள்:
அண்ணன், அம்மாவுக்கு நடந்தது பிழை. அதற்கு நான் காரணம் சொல்ல வரவில்லை.

ஆனால் உங்கள் மருமகளுக்காகப் பேச வேண்டும், ஏனென்றால் நானும் அவளைப் போலத்தான் வந்தேன். எங்கள் மட்டக்களப்புப் பக்க வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. நாங்கள் மூன்று பெண்கள், அப்பா தோணிக்காரர். நாவலடியில் இருந்த வீட்டை 2004 இல் கடல் கொண்டு போனது. பிறகு திராய்மடுவில் ஒரு வீடு கிடைத்தது. ஒரு வீடு, மூன்று பிள்ளைகள். மூத்தவள் நான். அப்பாவின் தலையில் இன்னொரு வீட்டை ஏற்றக் கூடாது என்றுதான் தாதியர் பயிற்சிக்குப் போட்டேன். கொடுப்பனவில் பாதி மாதாமாதம் வீட்டுக்குப் போனது. சேவை என்று அந்த நேரத்தில் நான் நினைத்ததே இல்லை.

முதல் நியமனம் பொலன்னறுவை. சிங்களம் ஒரு சொல் தெரியாது. சிறுநீரக நோயோடு வந்து கிடக்கும் கமக்காரர்கள் நிறைந்த வார்ட். ஒரு வயதானவர், எங்கள் அப்பாவின் வயது இருக்கும், நான் ஊசியோடு போனால் எனக்குப் பாடம் எடுப்பார். "ரிதெனவாத? என்று கேள் மகள்" என்பார். வலிக்கிறதா என்று அர்த்தம். நான் பிழையாகச் சொன்னால் கையை இழுத்து வைத்துக்கொள்வார், சரியாகச் சொன்ன பிறகுதான் நீட்டுவார். அவர் இறந்த அன்று நான் டியூட்டியில் இல்லை. மறுநாள் போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள். மருந்து அறைக்குள் போய் நின்று அழுதேன். சம்பளத்துக்கு வந்தவள்தான் அழுதேன், அண்ணன்.

வந்தாறுமூலை மாணவி:
நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்பு படிக்கிறேன், 3 ஆம் வருடம். நைட்டிங்கேல் பற்றிச் சொன்னதில் பாதி விடுபட்டிருக்கிறது. 1860 இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரில் திரட்டிய நிதியில் தாதியர் பள்ளி தொடங்கியபோது, பயிற்சிக்கு வந்த பெண்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, அதோடு சம்பளமும் கொடுத்தார்கள். தாதி வேலை கூலி வாங்கிக் கௌரவமாகச் செய்யும் தொழிலாக வேண்டும் என்பதுதான் அந்தப் பள்ளியின் நோக்கம். சம்பளம் வாங்கினால் மனம் கெடும் என்று அவர் நினைக்கவில்லை.

இன்னொன்று, கிரிமியப் போரின்போது அவர் வேலை செய்த, துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி வைத்தியசாலையில் அன்பான கவனிப்பு கிடைத்தும் ஆட்கள் கும்பல் கும்பலாக இறந்தார்கள். 1855 இல் ஒரு சுகாதாரக் குழு வந்து அடைபட்ட கழிவுக் கால்வாய்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டம் வர வழி செய்த பிறகுதான் இறப்பு நன்றாகக் குறைந்தது. மனம் மட்டும் போதாது. மனதைப் பார்த்து எடுப்பது என்றால் எப்படி? நேர்முகத் தேர்வில் "எனக்குச் சேவை செய்ய ஆசை" என்று எல்லோரும்தான் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
நான் படுவான்கரைத் தம்பியின் பக்கம். முழுவதும் இல்லை, முக்கால்வாசி.

நாங்கள் பயிற்சி எடுத்த காலத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது ஊசி போடுவது அல்ல, கட்டில் விரிப்பது. ஆளைக் கட்டிலில் வைத்துக்கொண்டே சுருக்கம் விழாமல் விரிப்பு மாற்ற வேண்டும். சுருக்கம் இருந்தால் அந்த இடத்தில் தோல் உரியும். ஈரம் இருந்தால் இன்னும் வேகமாக. உடம்பு துடைக்கும்போதுதான் முதுகைப் பார்ப்போம், எங்கே சிவந்திருக்கிறது என்று கண்டுபிடிப்போம். இப்போது துடைக்கிற வேலையை வீட்டாரிடம் விட்டுவிட்டு, தாதி எழுதிக்கொண்டு நிற்கிறாள். எழுத்து வேலை கூடிவிட்டது, தெரியும். ஆனால் முதுகைப் பார்க்காமல் பதிவேட்டை மட்டும் பார்த்தால் புண் வந்த பிறகுதான் தெரியும்.

2004 டிசம்பர் 26, நான் காலை டியூட்டி, 7 மணிக்கு ஏறினேன். 9 மணி தாண்டியதும் ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். லொறியில், உழவு இயந்திரத்தில், கதவுப் பலகையில். வாயெல்லாம் மணல். என்னோடு நின்ற ஒரு பிள்ளையின் வீடு கடற்கரையோரம். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. 1 மணிக்கு டியூட்டி முடிந்தது, அவள் போகவில்லை. "போனால் ஒருவேளை ஒருவரும் இல்லாமல் இருக்கும் சிஸ்டர், இங்கே நிற்கிறேன்" என்றாள். அவளைச் சம்பளம் பிடித்து வைத்திருக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், உள்ளே ஏதாவது ஒன்று இருக்கத்தான் வேண்டும்.

திராய்மடு மகள்:
சிஸ்டர், இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. வாசலிலேயே அது இருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அந்தப் பிள்ளை 18 வயதில் விண்ணப்பம் நிரப்பியபோது என்ன நினைத்தாள் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
தெரியாது மகள். நான் கேட்டதில்லை.

சம்மாந்துறை நானா:
ஆண் தாதி ஒருவன் பேசலாமா? ஆண்களுக்கு இந்தத் தொழிலில் இடம் குறைவு, வந்தாலும் ஊரில் பாதிப் பேர் டொக்டர் என்கிறார்கள், மீதிப் பேர் அட்டென்டன் என்கிறார்கள்.

படுவான்கரை நண்பர் கேட்கும் உந்துதல் எனக்கு இருந்தது. 12 வயதில் வாப்பாவோடு வார்டில் நின்றேன். வயலில் விழுந்து இடுப்பு உடைந்து படுத்திருந்தார். ஒரு ஆண் தாதி தினமும் வந்து அவருக்கு முகம் மழிப்பார். அது அவருடைய வேலையே இல்லை. வாப்பா வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொள்வார், முடிந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்துச் சிரிப்பார். அன்றைக்கே முடிவெடுத்தேன். உம்மாவும் சரி, பெரியப்பாவும் சரி, ஆம்பிளைப் பிள்ளைக்கு இது என்ன வேலை என்றார்கள். கேட்கவில்லை.

இப்போது எங்கள் வார்டில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணிவரை 2 பேர். நோயாளிகள் சில நாள் 50 ஐத் தாண்டும், கட்டிலுக்குக் கீழேயும் பாய். 2022 இல் பொருளாதாரம் விழுந்தபோது, சம்பளமில்லா விடுப்பில் 5 வருடம்வரை வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே வழிவிட்டது. என் பட்ச்சில் நல்ல கைகாரர்கள் பலர் போய்விட்டார்கள். நானும் ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனம் இருந்து வந்தவன் போகிறேன், வீடு கட்ட வந்த தங்கச்சி நிற்கிறார். எதைப் பார்த்து ஆள் எடுப்பீர்கள்? அந்த இரவு உங்கள் அம்மாவின் வார்டில் எத்தனை தாதியர் நின்றார்கள் என்று யாராவது எண்ணினீர்களா?

படுவான்கரையான்:
தங்கச்சியிடம் இப்போதுதான் கேட்டேன். இரண்டு பேராம். ஒருவர் முழு இரவும் மூச்சுத் திணறிய ஒரு பிள்ளைத்தாய்ச்சியோடு நின்றாராம்.

சரி, விரிப்பு மாறாததற்கு ஆள் பற்றாக்குறை காரணம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல்? "இரு பிள்ளை, கை விட முடியாமல் நிற்கிறேன், வருகிறேன்" என்று சொல்ல இன்னோர் ஆள் தேவையில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். அம்மாவுக்குப் பேச்சு வராது, ஆனால் காது கேட்கும். தன்னால்தான் தங்கச்சி ஏச்சு வாங்கினாள் என்று அவருக்கு விளங்கியது. மறுநாள் முழுக்கத் தண்ணீரே குடிக்க மறுத்தார்.

திராய்மடு மகள்:
அந்தச் சொல்லுக்கு என்னிடம் பதில் இல்லை, அண்ணன்.

நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். தொடர்ந்து இரண்டாவது இரவு டியூட்டி, ஒரு பெரியம்மா நாலாவது முறை தண்ணீர் கேட்டார். என்ன சொன்னேன் என்று எழுதக் கை வரவில்லை. காலையில் டியூட்டி கொடுத்துவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தன்னுடைய தேத்தண்ணியில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தார். மற்றவர்கள் முன்னால் சீறிவிட்டுத் தனியாக வந்து மன்னிப்புக் கேட்டதும் சரியில்லை என்று பிறகு தோன்றியது. அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் நான் சீறியதை மட்டும்தானே கேட்டார்கள்.

படுவான்கரையான்:
இதை எழுதியதற்கு நன்றி தங்கச்சி. யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்றுதான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன்.

மருமகளுக்கு எல்லாப் பதிவையும் வாசித்துக் காட்டினேன். விண்ணப்பத்தை நான் மறிக்கப் போவதில்லை. உந்துதல் இருந்தால் நல்லது என்பதை மட்டும் விடமாட்டேன். அவள் கேட்டது ஒன்றுதான்: பொலன்னறுவைக்கு அனுப்பினால் சிங்களம் படிக்க எவ்வளவு காலம் எடுக்கும்?

திராய்மடு மகள்:
ஆறு மாதத்தில் சமாளிக்கலாம். வலி, தண்ணீர், மூச்சு, மலசலம், இந்தச் சொற்கள் முதல் கிழமையிலேயே வந்துவிடும் என்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
தம்பி, அம்மாவின் புண் இப்போது எப்படி? ஆறியதா, ஆழமா? நீர் வடிகிறதா, மணம் இருக்கிறதா? படுத்த படுக்கை என்றால் 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும், இரவிலும். புண்ணைச் சுற்றிச் சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம். மணமோ காய்ச்சலோ இருந்தால் நாளைக்கே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். தங்கச்சிக்குத் தனியாகப் புரட்ட ஒரு முறை இருக்கிறது, விரிப்பை மடித்து இழுப்பது. எழுதி விளங்காது. நான் களுவாஞ்சிகுடிப் பக்கம்தான், வந்து காட்டித் தருகிறேன்.

படுவான்கரையான்:
இன்னும் ஆறவில்லை சிஸ்டர். நீர் வடிகிறது. குருமண்வெளித் துறையில் வாவி கடக்கும் பாதைப் படகில் ஏறி இக்கரைக்கு வந்தால் போதும், நான் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறேன்.