டுரியான் தோட்ட டப்பாவுல சிங்க் போடப் போயி இடமே தீந்துருச்சு

பூலாவ்_பையன்:
அண்ணன்மாரே ஒரு உதவி. பினாங்கு பாலிக் பூலாவ்ல ஒரு டுரியான் தோட்டத்துக்கு மண் ஈரம் பாக்குற டப்பா ஒன்னு செஞ்சு வச்சிருக்கேன், உள்ள ஓடுறது ஓபன்டபிள்யூஆர்டி 23.05 (ரவுட்டர் மாதிரி சின்ன டப்பாவுக்கான லினக்ஸ்), கரண்ட் போனாலும் அழியாத ஃபிளாஷ் மெமரி 16 எம்பி. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு ரீடிங், லைன் கெடைக்கிறப்ப பாயான் லெப்பாஸ்ல இருக்குற சர்வருக்குப் போகணும், அவ்ளோதான் லா. அதுக்குன்னு ஒரு சிங்க் லைப்ரரி (ரெண்டு பக்க டேட்டாவையும் ஒன்னாக்குற ரெடிமேட் கோடு) போட்டா அது ஜிலிப், லிப்எக்ஸ்எம்எல்2, ஓபன்எஸ்எஸ்எல்னு வேற லைப்ரரியா ஊரையே கூட்டிட்டு வந்து ஓவர்லே (ஃபிளாஷ்ல நாம எழுதக்கூடிய இடம்) ஃபுல்லாயிருச்சு. வேற பேக்கேஜ் நாலஞ்ச ரிமூவ் பண்ணியும் ஒரு கேபி கூட கொறையல, ஏன்?

மாமாக்கடை_மேச:
தம்பி, நீ ரிமூவ் பண்ணது ஃபர்ம்வேரோட, அதாவது டப்பாவுல மொதல்ல ஏத்துன சிஸ்டத்தோட வந்ததா இருக்கும். அது ஸ்குவாஷ்எஃப்எஸ்ங்குற சுருக்கி வச்ச பகுதியில ரீட் ஒன்லியா கெடக்கு, அழிச்சா மறைஞ்சுக்கும், எடம் திரும்ப வராது. ஃபர்ம்வேர் செய்யுற இமேஜ் பில்டர்ல அதுகள எடுத்துட்டு மறுபடி ஃபிளாஷ் பண்ணாத்தான் உண்டு. எந்த லைப்ரரி வேணும்னு பாக்க எல்டிடி கமாண்ட் அடிச்சா பேரன் பேத்தி வரைக்கும் காட்டும், ரீட்எல்ஃப் -டி அடிச்சு நீடட்னு வர்ற வரிய மட்டும் பாரு, உன் பைனரி நேரா எத இழுக்குதுன்னு தெரிஞ்சிரும். பாதுகாப்பா அனுப்புற என்கிரிப்ஷனுக்கு எம்பெட்டிஎல்எஸ் ஏற்கெனவே உள்ள இருக்கு, அதே வேலைக்கு ஓபன்எஸ்எஸ்எல் வேற எதுக்கு?

கெர்னி_காத்து:
லைப்ரரியே வேணாம்பேன். டேட்டா ஒரே பக்கந்தான் போகுது, சர்வர்லேர்ந்து யாரும் திருத்தி அனுப்பப் போறதில்ல, அப்பறம் ரெண்டு பக்கமும் மாறி கான்ஃபிளிக்ட் எங்கேர்ந்து வரும்? ரீடிங்குக்கு ஒரு வரிச நம்பர் போட்டு ஃபைல் கடைசியில சேத்துக்கிட்டே போ, சர்வர்கிட்ட எது வரைக்கும் வந்துச்சுன்னு கேளு, 4120ன்னா 4121லேர்ந்து அனுப்பு. லைன் அறுந்து ரெண்டு தடவ போனாலும் அதே நம்பர்தானேன்னு சர்வர் தள்ளிரும். டைம வச்சு வரிசப்படுத்தாத, ஆர்டிசி (பேட்டரியில ஓடுற கடிகார சிப்பு) இல்லாத டப்பாவுல கரண்ட் போயி வந்தா கடிகாரம் பின்னாடி போயிரும். நாளைக்கு 288 ரீடிங், ஒன்னு 40 பைட்டுன்னாலும் 12 கேபி வராது. அனுப்ப ஓபன்டபிள்யூஆர்டியோட வர்ற யூகிளையன்ட்-ஃபெட்ச் கமாண்ட் போதும்.

பூலாவ்_பையன்:
எழுதுறப்ப கரண்ட் போனா கடைசி வரி அரகொறையா நிக்குமே?

கெர்னி_காத்து:
நிக்கும், எனக்கு நின்னுச்சு. ஈரம் 31ன்னு இருக்க வேண்டியது 3ன்னு போயி தோட்டக்காரரு தண்ணியத் தொறந்து விட்டுட்டாரு 😅 வரி கடைசியில சிஆர்சி32 (வரி முழுசா இருக்கான்னு சரிபாக்குற நம்பர்) போடு, பூட் ஆனதும் கெட்ட வரிய வெட்டிட்டு அடுத்த நம்பர்லேர்ந்து தொடரு. ஃபிளாஷ் தேயாம இருக்க மணிக்கு ஒருக்கா சேத்து எழுதலாம், போனா 12 ரீடிங் போகும்.

மாமாக்கடை_மேச:
அதுல ஒரு சிக்கல் இருக்கு. ஃபிளாஷ்ல எழுதி முடிச்சத மட்டும் அனுப்பு. ராம்ல இருக்குறப்பவே அனுப்பிட்டு கரண்ட் போச்சுன்னா, திரும்ப வந்ததும் அதே நம்பர் புது ரீடிங்குக்கு விழும், சர்வர் அத பழசுன்னு தூக்கிப் போட்ரும். இத கண்டுபுடிக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

பூலாவ்_பையன்:
ஐயோ, நான் ராம்லேர்ந்துதான் அனுப்பிக்கிட்டு இருக்கேன் 🙈 இன்னிக்கி ராத்திரியே மாத்துறேன்.